நான் நிறுத்திய மழை

எங்கள் தீவில் விடிந்தும் விடியாமலும் எல்லார் கூரைமேலும் கேட்கிற குரல் என்னுடையது. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். சுனாமி வந்தால் சொல்வதற்காகக் கட்டியது. சுனாமி வராத நாட்களில் நான் வருகிறேன். நாஹா நகரத்திலிருந்து இன்றைக்குக் கப்பல் உண்டா, பல் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், யார் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று வாசித்துவிட்டு, துறைக்குப் போய்க் கப்பலுக்குக் கயிறு பிடிப்பது என் பிழைப்பு.

மே மாதம் பிறந்தால் எனக்கு ஒரு சுற்று மரியாதை கூடும். ஒகினாவாத் தீவு வரிசை முழுக்கக் கோடைக்கு முந்திய மழை இறங்குகிற மாதம் அது. ஒன்றரை மாதம் வானம் பிழியாத துணி மாதிரி தலைமேல் தொங்கும். எப்போது தொடங்கும், எப்போது விடும் என்று சொல்ல வானிலை நிலையம் இருக்கிறது. ஆனாலும் ஊர்க்காரர்களுக்குக் 'கோஷின் கணிப்பு' வேண்டும். அகாரியே கோஷின், வயது ஐம்பத்தாறு, தலையில் முடி குறைவு; நான்தான். மலைச்சரிவில் இஜு மரம் எவ்வளவு வெள்ளையாகப் பூத்திருக்கிறது, நண்டுகள் சாலையைக் கடந்து கடலுக்குப் போக எவ்வளவு அவசரப்படுகின்றன, என் இடது செருப்பில் பூஞ்சை என்ன நிறம் என்று மூன்றையும் கூட்டிக் கழித்து ஒலிபெருக்கியில் சொல்வேன். வானிலை நிலையம் பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னால் நான் பத்துக்கு நாலு. ஆனால் நிலையத்தின் மீது யாரும் பிரியம் வைப்பதில்லை.

பிரியம் என்றதும் மினேகோவைச் சொல்லியாக வேண்டும். துறைக்கு நேர் எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். அதனால் 'நீ, வா, போ'தான். கணவர் போய்ப் பல வருடமாகிறது. என் மனைவி ஒசாகாவில் தங்கையைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிப் போனவள், விவாகரத்துத் தாளை மட்டும் தபாலில் அனுப்பினாள். மினேகோ தினமும் காலையில் துவைத்த கடைத் துண்டுகளைக் கூடையில் போட்டு இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். கயிற்றோடு நிற்கும் என்னைப் பார்த்துச் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள்.

"கோஷின், துணி காயுமா?"

"காயும்" என்றால் கொடியில் போடுவாள். "காயாது" என்றால் உள்ளே கொண்டுபோவாள். என் பேச்சைக் கேட்டுப் பாதி நாள் நனைந்திருக்கிறது. "உன் வாயை நம்பிப் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே மறுபடி பிழிவாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் தினமும் முகம் மழிக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், கடையில் வேறு யாரும் இல்லாதபோது வாயைத் திறந்தேன்.

"மினேகோ, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

நூடுல்ஸ் கிண்ணத்தில் மீதியிருந்த பன்றி விலா எலும்பை எடுத்துக் கடித்தேன். "இப்ப வேணாம். மழை முடியட்டும், சொல்றேன்" என்றேன்.

மழை முடிந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த வருடமும் மழை வந்தது, அதே வசனம் வந்தது, மழை போனது. மழை முடிந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கிறவனும் நானே என்பதால் எனக்கு ஒரு வசதி இருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட, "இன்னும் ஓரிரு மேகம் பாக்கி" என்று ஒலிபெருக்கியில் இழுப்பேன். ஒரு வருடம் ஜூலை பாதிவரை இழுத்தேன். சுற்றுலாக்காரர்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக் குழம்பினார்கள்.

இந்த மார்ச்சில் சுகவாரா வந்து இறங்கினார். வடக்கே செண்டாய் நகரத்துக்காரர். அங்கே வானொலியில் இருபது வருடம் வானிலை சொன்னவராம். வானிலை கணிப்பதற்கென்றே அரசாங்கத் தேர்வு எழுதித் தேறியவராம். வேலையை விட்டுவிட்டுக் கதகதப்பான ஊரில் மீதிக் காலத்தைக் கழிக்க வந்திருக்கிறார். தீவில் காலியாக இருந்த வீடுகள் பதினைந்தாவது தேறும். அவர் குடிவந்தது மினேகோ கடையின் மாடி அறைக்கு.

உயரமான மனிதர். என் வயதுதான். தலையில் பிறந்தபோது இருந்த முடி முழுக்க அப்படியே இருந்தது. வந்த மறுநாளே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டார். ஊரே அவரை 'வானிலை சார்' என்றது. அவரை வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைக்காதா என்று தேடினேன்; அந்த மனிதர் அதைக்கூடத் தரவில்லை. குடை பிடிப்பார், அவ்வளவுதான். எங்கள் தீவில் யாரும் குடை பிடிப்பதில்லை. காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தீவுக்காரனிடம் கொடுத்துவிடும்.

மே தொடங்கியதும் வழக்கம்போல என் கணிப்பைச் சொன்னேன். "இந்த வருஷம் மழை சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிடும். ஹாரி படகுப் போட்டிக்கு முன்னாடியே முடிஞ்சிரும்." அன்று மத்தியானம் மினேகோ கடையில் யாரோ கேட்டதற்கு, சுகவாரா நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சொன்னாராம்: "எனக்கென்னமோ ஒரு வாரம் பிந்தித்தான் தொடங்கி, ஹாரிக்கு அப்புறமும் நீடிக்கும்னு தோணுது. ஜூன் இருபத்திரண்டு வாக்குல முடியும்." அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சாயங்காலத்துக்குள் என் ஒலிபெருக்கி எட்டாத மூலைக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்திருந்தது.

மழை நான் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் கழித்து, அவர் சொன்ன நாளில் வந்தது.

மறுநாள் காலை கயிற்றோடு நின்றேன். மினேகோ கூடையோடு வெளியே வந்தாள். என் முகம் தானாக மலர்ந்தது. அவள் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தாள்.

"சார்! துணி காயுமா?"

மாடி ஜன்னலிலிருந்து பல் துலக்கும் வாயோடு பதில் வந்தது. "பதினோரு மணி வரைக்கும் காயும்க்கா!"

சரியாகப் பதினோரு மணிக்கு அவள் துணியை எடுத்தாள். அதற்குப் பிறகு மழை பெய்தது. அன்றைக்குக் கப்பல் கயிற்றை நான் கட்டிய முடிச்சை அவிழ்க்க இரண்டு மாலுமிகள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு என் கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை. அவர் கிண்ணத்தில் மூன்று விலா எலும்பு, என் கிண்ணத்தில் இரண்டு. அவருக்கு மல்லிகைத் தேநீர் கேட்காமலே நிரம்பியது. நான் கோப்பையைத் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் நல்ல மழையில், தபால் நிலையத்திலிருந்து கடைவரை மினேகோ அவருடைய குடைக்குள் நடந்து வந்தாள். பிறந்ததிலிருந்து நனைந்தே வளர்ந்தவள்! நான் துறையில் சொட்டச் சொட்ட நின்று பார்த்தேன். எங்கள் காற்றுக்குக்கூட அன்று அந்தக் குடையைப் பிடுங்கத் தெம்பில்லை.

"என்னடா, முகம் உப்புல போட்ட பாகற்காய் மாதிரி இருக்கு?" என்றார் தோமா அண்ணன். மீனவர் சங்கத் தலைவர். வாயில் பாதிப் பல் போய்விட்டது, கிண்டல் முழுசாக இருக்கிறது.

"ஒண்ணுமில்லண்ணே. ஈரம் ஒத்துக்கல."

"ஈரமா, சாரா?"

நான் கயிறு சுருட்டினேன்.

உச்சம் தொட்டது தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில். மினேகோ கடைக் கூரையில் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மாடி அறைக் கூரையில் விழும் மழையெல்லாம் குழாய் வழியாக அதில் இறங்கும். நூடுல்ஸ் வேகவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான். அதில் விரிசல் விட்டிருந்தது. முழுசாகக் காலி செய்து, பூசி, உலரவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். குளிர்காலம் முழுக்க மழையில்லாமல் ஊர்ப் பொதுக்குளமும் பாதிக்குக் கீழே கிடந்தது. எந்த நாளில் தொட்டியைத் திறந்துவிடுவது என்பது அவளுக்குப் பிழைப்புப் பிரச்சினை. இதுபோன்ற கேள்விகள் ஆறு வருடமாக என்னிடம்தான் வரும்.

நான் கடைக்குள் நுழைந்தபோது சுகவாரா ஒரு காகிதத் துண்டில் வளைகோடு வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். "இன்னைக்கே காலி பண்ணிடுங்கக்கா. நாளைக்கும் மறுநாளும் மழை விடும், பூசிடலாம். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு விடாம அடிக்கும். தொட்டி வழியும்."

"அப்படியா? சரி, சார் சொன்னா சரி."

"மினேகோ, நண்டுங்க என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நண்டு இருக்கட்டும், கோஷின். தொட்டிக்கு ஏணி பிடிக்கிறியா?"

ஏணி பிடித்தேன். மேலே சுகவாரா அடைப்பானைப் பிடுங்கினார். மினேகோவின் தண்ணீர் அத்தனையும் என் காலடியில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

அன்று மத்தியானம் படகுக் கொட்டகைக்குப் போனேன்.

ஹாரி எங்களுக்குக் கடல் சாமிக்குச் செய்யும் பூசை. பழைய மாதக் கணக்கில் ஐந்தாம் மாதம் நாலாம் நாள், மேற்குத்தெருப் படகும் கிழக்குத்தெருப் படகும் போட்டி போடும். படகின் நடுவில் ஒருவன் உட்கார்ந்து சேகண்டி அடிப்பான். அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போடுவார்கள். மேற்குத்தெருப் படகில் சேகண்டிக்காரன் நான். கொட்டகைச் சாவியும் என்னிடம்தான். ஹாரி சேகண்டி ஒலித்தால் மழை முடிந்தது என்பது இந்தத் தீவுகள் எல்லாவற்றிலும் உள்ள பேச்சு. மற்ற தீவுக்காரர்களுக்கு அது வெறும் பேச்சு. எங்களுக்கு அப்படியில்லை. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் தோமா அண்ணன் சாமி கும்பிட்டு அவிழ்க்கும்வரை, சேகண்டியைத் துணியில் சுற்றி, நெல் உமிக்குள் புதைத்து வைத்திருப்போம். அதன்மேல் ஒரு கரண்டி பட்டால்கூட மழை கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். மழை போனால் ஊருக்குத் தண்ணீர் இல்லை.

எனக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஈரத்தில் சேகண்டி பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். உமியை விலக்கினேன். துணியை அவிழ்த்தேன். தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற கொட்டில் நான் நினைப்பது எனக்கே கேட்கவில்லை. ஹாரிக்கு முன்னால் மழை முடியும் என்று ஊருக்கே சொன்னவன் நான். இருபத்திரண்டாம் தேதி என்றவர் அவர். இந்த இரைச்சலில் அடித்தால் பக்கத்தில் இருக்கும் எலிக்குக்கூடக் கேட்காது.

ஒன்று அடித்தேன். கேட்கவில்லை. கொஞ்சம் பலமாக இரண்டாவது. ம்ஹூம். தொட்டித் தண்ணீர் காலடியில் ஓடியது ஞாபகம் வந்தது. மூன்றாவதைக் கையை ஓங்கி அடித்தேன்.

கை இறங்குவதற்குள் மழை சட்டென்று நின்றுவிட்டது.

'டோ...ங்' என்று அந்த ஓசை கொட்டகையைத் தாண்டி, துறையைத் தாண்டி, மலைமேல் போய் மோதித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தீவு முழுக்க ஒரு சத்தமில்லை. கூரை விளிம்பில் சொட்டுகிற சொட்டுக்கூடத் தயங்கித் தயங்கிச் சொட்டியது. பிறகு எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அடுத்துத் தோமா அண்ணனின் குரல்.

"கோஷீஈன்!"

சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. வேறு யார்மீதும் பழி போட வழியில்லை.

முதல் இரண்டு நாள் ஊர் சும்மா இருந்தது. சுகவாரா சொன்ன இடைவெளிதானே. மினேகோ தொட்டியைப் பூசினாள். பூச்சு அருமையாக உலர்ந்தது. மூன்றாம் நாள் வெயில். நாலாம் நாள் கொளுத்தியது. ஒரு வாரம் போயிற்று. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. குளத்தின் நடுவில் மறந்துபோன பழைய பாறைகள் தலைகாட்டின. ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்றார்கள். அந்த அறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தவனும் நான்தான். வாசித்து முடித்ததும் ஏதோ ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து, "அடிச்சதும் நீ, அறிவிக்கிறதும் நீயா?" என்று கேட்டது.

சொட்டுச் சொட்டாக வந்த அந்தத் தண்ணீர் மினேகோவின் கூரை வரை ஏறவில்லை. பூசி மெருகேற்றிய தொட்டி வெறுமையாகக் கிடந்தது. கடைவாசலில் அட்டை தொங்கியது: 'தண்ணீர் வரும்வரை விடுமுறை.'

பாருங்கள், நான் ஜெயித்துவிட்டேன். என் கணிப்புத்தான் பலித்திருந்தது. ஹாரிக்கு முன்னால் மழை போய்விட்டது. வானிலை சாரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் துறையில் அத்தனை வெயிலில் நின்ற என்னையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மினேகோ கூடையோடு வெளியே வரவே இல்லை. துவைக்கத் தண்ணீர் வேண்டாமா?

தனியாக இருக்கிறவன் வீட்டுத் தொட்டி நிறையத்தான் இருக்கும். கேன்களில் பிடித்துக் குட்டி லாரியில் ஏற்றி மினேகோ கடைக்குப் போனேன். வாசலில் நின்று என்னையும் கேன்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் அடிச்ச?"

"பச்சை பிடிச்சிருக்கான்னு பாக்கப் போனேன்..."

"பாக்கப் போனவன் கண்ணால பாக்கணும். கையால எதுக்கு?"

"கை தவறிடுச்சு."

"மூணு தடவையா?"

தகரக் கூரைக்கடியில் எனக்குத்தான் கேட்கவில்லை; முதல் இரண்டும் அவளுக்குக் கேட்டிருக்கிறது! அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு கேன்களைத் தூக்கினேன். மாடிப்படியில் சுகவாரா இறங்கி வந்து மறுகையைப் பிடித்தார். நானும் அவரும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு ஏறினோம், கல்யாணமான புதுசு மாதிரி ஒத்த காலடியில்.

மேலே ஊற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன். "சார், மழை வருமா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆறு வருடம் மினேகோ என்னிடம் கேட்ட குரலில் நான் அவரிடம் கேட்கிறேன்.

"வரணும் அண்ணே. மேகத் திரை வடக்கே நகர்ந்து போயிருக்கு, திரும்பி இறங்கணும். என் கணக்குல முந்தாநாளே இறங்கியிருக்கணும்." முகத்தைத் துடைத்தார். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "அக்கா தொட்டியை என் பேச்சைக் கேட்டுத்தான் திறந்தாங்க. எனக்குத் தூக்கமே வரல."

"நான்தானே சேகண்டி அடிச்சேன்."

"அதுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லண்ணே."

"அப்படிச் சொல்லாதீங்க சார். அடிச்ச கையில நின்னுச்சு."

இரண்டு பேரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். பிறகு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நான் குடிவந்த அன்னைக்கே அக்கா கேட்டாங்க: 'இந்த வருஷம் மழை என்னைக்கு முடியும், தேதி சொல்லுங்க.' எதுக்குன்னு கேட்டேன். 'ஒரு ஆளு ஆறு வருஷமா மழை முடிஞ்சா ஒரு விஷயம் சொல்றேன்னு சொல்லிட்டு இருக்கான். முடிஞ்ச நாளையும் அவனே அறிவிக்கிறதால அது முடியவே மாட்டேங்குது. வெளியாள் ஒருத்தர் சரியான தேதி சொன்னா அவனைப் பிடிச்சிடலாம்'னாங்க." அவர் என்னைப் பார்த்தார். "அது யாருன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியல. நேத்துத்தான் பிடிபட்டது."

காலி கேன் என் கையிலிருந்து நழுவி, படி படியாக உருண்டு, கடைவாசல் வரை போயிற்று.

இதைக் கேட்டதும் நான் குதித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். எனக்கு முதலில் வந்த கேள்வி வேறு. "சார், சரியாச் சொல்லுங்க. இப்ப மழை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா, இல்லையா?"

"முடியல அண்ணே. இடைவேளைதான்."

"அப்பாடா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. ஒரு பெண்ணின் தண்ணீரை நிறுத்தியவன், அவள் முன்னால் போய் நின்று, சேர்ந்து வாழலாமா என்று எந்த வாயால் கேட்பான்? மழை வரவேண்டும். அவள் தொட்டி நிறையவேண்டும். அதற்கு இந்த மனிதர் சொன்னது பலிக்கவேண்டும். அன்று முதல் தினமும் காலையில் அறிவிப்பை முடித்த கையோடு மாடி ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். "சார், இன்னைக்கு?" அவர் பிரஷ்ஷோடு தலையை ஆட்டுவார். எதிரிக்காக நான் வேண்டிக்கொண்ட அளவு எனக்காகக்கூட வேண்டிக்கொண்டதில்லை.

ஹாரிக்கு ஒரு வாரம் முன்பு, சேகண்டி அவிழ்க்கும் நாளில், தோமா அண்ணன் என் கையிலிருந்து கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நீ இந்த வருஷம் துடுப்புப் போடு. சேகண்டியை நீ தொடக்கூடாது."

"அப்ப யாருண்ணே அடிக்கிறது?"

"வானிலை சார்."

"அவருக்கு அதுல நம்பிக்கையே இல்லையே!"

"அதனாலதாண்டா. நம்பிக்கை இல்லாதவன் அடிச்சா ஒண்ணும் ஆகாது. நீ நம்பி அடிச்சு எங்களைக் காயப் போட்டுட்ட."

துடுப்பு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. காலையில் ஜன்னலுக்குக் கீழே நின்றபோது சுகவாரா முதல்முறையாகப் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "இன்னைக்கு வரணும் அண்ணே. ஆனா நான் சொல்லல." ஊர் முழுக்கத் தடுப்புச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மினேகோ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றாள். நான் துடுப்போடு மூன்றாவது வரிசையில். எனக்கு எதிரே, என் இடத்தில், என் சேகண்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த உயரமான மனிதர். தலைமுடி இல்லாத காற்றிலும் பறந்தது. அதைத்தான் என்னால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

கொடி இறங்கியது. அவர் அடித்தார். இருபது வருடம் ஒரு மாநிலத்துக்கே வானிலை சொன்ன மனிதருக்குத் தாளம் மட்டும் வரவில்லை. டங், டங்கு டங், ஒன்றுமில்லை, டங். இடதுபக்கத் துடுப்பு ஒன்றுக்குப் போக, வலதுபக்கம் இன்னொன்றுக்குப் போக, படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. கிழக்குத்தெருக்காரர்கள் எங்களைத் தாண்டும்போது கையாட்டிவிட்டுப் போனார்கள்.

"சார், தாளம்! தாளம்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"எது தாளம்?" என்று அவர் பதறினார்.

அப்போது என் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. முடி உள்ளவர்களுக்கு இது தெரிய நேரமாகும். முதல் சொட்டு எப்போதும் எனக்குத்தான். நிமிர்ந்தேன். வடக்கே கடல் கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது. சுகவாராவும் பார்த்தார். வாய் திறந்தபடி கையை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க சார்! அடிங்க!" அலறியது நானேதான். "விடாம அடிங்க!"

அவர் அடித்தார். கொட்டியது பாருங்கள், வானம் தன் அடைப்பானைப் பிடுங்கிவிட்டது போல. இரண்டு படகிலும் துடுப்புகள் நின்றன. எல்லாரும் முகத்தை மேலே தூக்கி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கிழக்குத்தெருக்காரர்கள் ஜெயிக்க மறந்து எல்லைக்கு முன்னாலேயே மிதந்துகொண்டிருந்தார்கள். சுவர்மேல் ஊரே குதித்தது. நான் அடித்தால் நிற்கிறது, அவர் அடித்தால் வருகிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனால் சுவர் ஓரத்தில் மினேகோ இல்லை. தலைத்துண்டை இழுத்துவிட்டுக் கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. பூச்சு உலரட்டும் என்று கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே திருப்பி வைத்திருந்தாள். கேன் சுமந்த நாட்களில் மழை ஏது, யாரும் அதைத் திரும்பத் திருப்பவில்லை. இத்தனை மழையும் சாக்கடைக்குப் போகும். படகிலிருந்து குதித்தேன். இடுப்பளவு தண்ணீர் என்று நினைத்தேன், கழுத்தளவு இருந்தது. நீந்தி, நடந்து, ஓடிக் கூரை ஏறியபோது அவள் தனியாகக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். குழாய் முனகிக்கொண்டு திரும்பியது. வற்றிய தொட்டிக்குள் முதல் மழைத் தண்ணீர் விழுந்த சத்தம் சேகண்டியைவிட நன்றாக இருந்தது.

மினேகோ முகத்து நீரை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோஷின், துணி காயுமா?"

"காயாது."

"நாளைக்கு?"

"தெரியாது."

"மழை எப்ப முடியும்?"

"சத்தியமாத் தெரியாது, மினேகோ. எனக்கு எந்த வருஷமும் தெரிஞ்சதில்ல."

"அப்ப இப்பவே சொல்லு."

சொன்னேன். மழை இரைச்சலில் முதல் தடவை அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொன்னேன். ஒலிபெருக்கிக்குப் பழகிய தொண்டை அல்லவா, கீழே சாலையில் நனைந்துகொண்டிருந்த பாதி ஊருக்கும் கேட்டுவிட்டது. யாரோ விசில் அடித்தார்கள்.

"இதுக்கா ஆறு மழை?" என்றாள். தலைத்துண்டைப் பிழிந்தாள். "சரி. மழை முடியட்டும், பதில் சொல்றேன்."

அன்று சாயங்காலமே கடை திறந்தது. நான் ஒரு மேசையில், சுகவாரா எதிரே, இரண்டு பேர் தலையிலும் துண்டு, நடுவில் அவர் படகிலிருந்து கையோடு கொண்டுவந்த சேகண்டி. மினேகோ கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். என் கிண்ணத்தில் மூன்று எலும்பு. எட்டிப் பார்த்தேன்: அவருடையதில் இரண்டு. நான் எண்ணியதை அவர் பார்த்துவிட்டார். அவரும் எண்ணினார். பிறகு சிரித்தார்.

வெளியே மழை நின்று நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது.

"சார்," என்றேன், "மழை எப்ப முடியும்னீங்க?"

"இருபத்திரண்டு வாக்குல."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆகாதா?"

அவர் மேசைமேல் வைத்திருந்த சேகண்டியை மெல்ல இழுத்துத் தன் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.